காசு அச்சடித்தால் குளக்கட்டு உயருமா?

2024 ஒக்டோபரில் இலங்கை மத்திய வங்கி சந்தைக்குள் பணம் விட்டபோது, "புதிய அரசு வந்ததும் காசு அச்சடிக்கத் தொடங்கிவிட்டது" என்று ஒரு பக்கம் சத்தம் எழுந்தது. வங்கிகளிடையே புழங்கும் பணத்தைக் கூட்டிக் குறைக்கும் வழமையான திறந்த சந்தை நடவடிக்கைதான் இது என்று மத்திய வங்கி பதில் சொன்னது. நாலு மாதம் கழித்து, 2025 பெப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். அப்போது வன்னியில் கேட்ட கேள்வி இதற்கு நேர்மாறானது. ஒரு பாலத்துக்குக் காசு தேட இத்தனை வருடமா? காசை அடிப்பதே அரசுதானே?

இரண்டு பேச்சுக்கும் அடியில் கிடப்பது ஒரே குழப்பம்: அரசுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? வரியும் கடனும் என்பது பாடப்புத்தகப் பதில். மாற்றுப் பொருளாதாரவாதிகள் வேறு பதில் சொல்கிறார்கள். அவர்கள் ஒரே கூட்டம் இல்லை. கெயின்ஸின் வழியில் வந்த ஹைமன் மின்ஸ்கி, வின் கொட்லி ஒரு பக்கம். 1990களுக்குப் பிறகு வாரன் மொஸ்லர், ரன்டல் ரே, பில் மிற்செல், ஸ்டெபனி கெல்ற்றன் ஆகியோர் வளர்த்த நவீன நாணயக் கோட்பாடு இன்னொரு பக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து அகிலன் கதிர்காமர் போல, அரச செலவை வெட்டும் சிக்கனக் கொள்கையை விமர்சித்துக் கூட்டுறவுகளை வலியுறுத்துபவர்கள் மற்றொரு பக்கம். இவர்களுக்குள்ளேயே சண்டை நிறைய. ஆனால் காசு என்றால் என்ன என்ற இடத்தில் பலரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.

காசு யாருடைய கடன்?

காசு என்றதும் தாள் நினைவுக்கு வருவது இயல்பு. கணக்காகப் பார்த்தால் காசு ஒரு கடன். யாரோ ஒருவர் இன்னொருவருக்குத் தரவேண்டியது. தரவேண்டியவர் யார் என்பதைப் பொறுத்து அதன் மவுசு கூடும், குறையும். கிளிநொச்சிப் பரந்தன் சந்தியில் நின்று பார்த்தால், கீழிருந்து மேலாக ஐந்து படிகள் தெரியும்.

1. கடைக் கொப்பி. சீனி, பருப்பு, தேங்காயெண்ணெய் என்று எழுதி வைத்து, நெல்லு வித்ததும் தீர்க்கும் கணக்கு. அந்தக் கடை வாசலைத் தாண்டி இது செல்லாது.

2. சங்கத்து வைப்பு. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணம். ஊருக்குள் நம்பிக்கை உண்டு. வெளியே கொண்டுபோவதென்றால் ரூபாவாக எடுக்க வேண்டும்.

3. வங்கி வைப்பு. நாடு முழுக்கச் செல்லும். ஆனாலும் இது அந்த வங்கி உங்களுக்குத் தரவேண்டிய கடன்தான்.

4. ரூபாத் தாளும், வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்கும். இவை மத்திய வங்கியின் கடன். உள்நாட்டில் இதற்கு மேல் படி இல்லை.

5. டொலர். இலங்கையில் யாராலும் உண்டாக்க முடியாதது. உழைக்க வேண்டும், அல்லது கடனாக வாங்க வேண்டும்.

முதல் மூன்று படிகளில் இருப்பவர்களும் "கேட்டால் மேல் படியில் உள்ளதைத் தருவேன்" என்றே வாக்குக் கொடுக்கிறார்கள். காசை யாரும் உண்டாக்கலாம், அதை மற்றவரை ஏற்கச் செய்வதுதான் பாடு என்று மின்ஸ்கி சொன்னதன் பொருள் இதுதான். தங்கம் இந்த ஏணியில் எந்தப் படியிலும் இல்லை. அது யாருடைய கடனும் இல்லையே. வன்னிச் சனம் காப்பையும் சங்கிலியையும் ஏன் இவ்வளவு நம்புகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

இந்த ஏணியை வன்னி அனுபவித்தே படித்தது. விடுதலைப் புலிகளின் வங்கியான தமிழீழ வைப்பகம் 1994 இல் தொடங்கியது. வைப்பு எடுத்தது, கடன் கொடுத்தது, நகை அடகு பிடித்தது. எல்லாமே இலங்கை ரூபாவில். காவல்துறை, நீதிமன்றம், வரி எல்லாம் வைத்திருந்த ஒரு நிர்வாகம் சொந்த நாணயம் மட்டும் வெளியிடவில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு வைப்புப் புத்தகத்தில் இலக்கம் அப்படியே இருந்தது, தரவேண்டியவர் இல்லை. அதே நாட்களில் மடியில் முடிந்து கொண்டுபோன ரூபாத் தாள், இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமுக்குள்ளும் செல்லுபடியானது. புத்தகமும் தாள், நோட்டும் தாள். ஒன்றுக்குப் பின்னால் நின்றவர் போய்விட்டார், மற்றதுக்குப் பின்னால் நின்றவர் இருந்தார். யுத்தம் முடியும்போது கைப்பற்றிய நகைகளை 2025 மே மாதத்தில்தான் இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது. பொருளாய் இருந்ததால் அதைப் பற்றி இன்னும் பேசவாவது முடிகிறது.

ரூபாவை ஏன் வாங்கிக் கொள்கிறோம்?

அரசு கொடுக்கும் தாளை ஏன் ஏற்கிறோம்? முன்பு அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று இருந்தது. 1950 இல் மத்திய வங்கி தொடங்கும் வரை இலங்கை ரூபா, நாணயச் சபை முறையில் இந்திய ரூபாயோடு கட்டப்பட்டிருந்தது. இப்போது அப்படி எதுவும் இல்லை. பிறகு எதை நம்பி?

"வரியை அந்தத் தாளில்தான் கட்ட வேண்டும் என்று அரசு சொல்வதால்" என்பது அரச நாணயக் கோட்பாட்டின் விடை. ஜேர்மானியரான ஜோர்ஜ் க்னாப் 1905 இல் இதை விரிவாக எழுதினார். அரசு தன் தாளைத் தந்து உழைப்பையும் பொருளையும் வாங்குகிறது. சனம் வரி கட்ட அந்தத் தாளைத் தேடுகிறது. தேடுவதால் அதற்குப் பெறுமதி.

காலனித்துவ ஆட்சிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1848 இல் தேசாதிபதி டொரிங்ரன் காலத்து வீதிச் சட்டம், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் றோட்டு வேலை செய்ய வேண்டும், அல்லது 3 ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது. தன் வயலில் விளைந்ததைத் தின்று, மிச்சத்தைப் பண்டமாற்றி வாழ்ந்த ஒருவருக்கு ஷில்லிங் எதற்கு? இப்போது தேவை. அதற்காக அவர் ஷில்லிங் கிடைக்கும் இடத்துக்குப் போய் உழைக்க வேண்டும், இல்லாவிட்டால் றோட்டில் கல் உடைக்க வேண்டும். அதே ஆண்டு மாத்தளைப் பக்கம் எழுந்த கிளர்ச்சிக்கு இந்த வரிகளும் ஒரு காரணம்.

வன்னி நிர்வாகத்தின் கதையை இங்கே மறுபடி பார்க்கலாம். அது ஆயம் என்ற பெயரில் வரி எடுத்தது, ஆனால் ரூபாவில் எடுத்தது. ரூபாவை அதனால் உண்டாக்க முடியாது. ஆகவே முதலில் சேர்க்க வேண்டும், பிறகுதான் செலவழிக்க வேண்டும், ஒரு குடும்பத்தைப் போல. அந்தக் காலம் முழுவதும் வன்னியிலிருந்த ஆசிரியருக்கும் வைத்தியருக்கும் சம்பளம் கொடுத்தது கொழும்பு. அந்தச் சம்பளமும் வன்னிக்குள் ரூபா புழங்க ஒரு வழியாக இருந்தது. நாணயத்தை வெளியிடுபவர், அதைப் பாவிப்பவர் என்று மாற்றுப் பொருளாதாரவாதிகள் பிரித்துச் சொல்லும் வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் உலகத்தில் அதிகம் இராது.

வங்கி எங்கிருந்து கடன் கொடுக்கிறது?

முரசுமோட்டையில் மூன்று ஏக்கர் வயல் செய்யும் ஒருவர் காலபோகத்துக்கு மூன்று லட்சம் ரூபா கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார் என்று வைப்போம். பத்திரம், பிணையாளர் கையெழுத்து எல்லாம் முடிந்ததும் உத்தியோகத்தர் கணினியில் சில விசைகளைத் தட்டுகிறார். விவசாயியின் கணக்கில் 300,000 ஏறுகிறது. சரி, யாருடைய கணக்கில் குறைந்தது? யாருடையதிலும் இல்லை. வங்கியின் ஏட்டில் ஒரு பக்கம் "இவர் தரவேண்டியது 300,000", மறுபக்கம் "இவருக்கு நாம் தரவேண்டியது 300,000". அந்த நிமிடம் நாட்டில் மூன்று லட்சம் ரூபா புதிதாகப் பிறந்தது. அவர் கடனைக் கட்டி முடிக்கும்போது அதே மூன்று லட்சம் அழியும்.

பலருக்கு இது ஏமாற்று வேலை போலத் தோன்றும். ஆனால் இங்கிலாந்து வங்கியே 2014 இல் தன் காலாண்டு ஏட்டில் இதை விளக்கி எழுதியது: வைப்பிலிருந்து கடன் வருவதில்லை, கடனிலிருந்துதான் வைப்பு பிறக்கிறது. மாற்றுப் பொருளாதாரவாதிகள் பல தசாப்தமாகச் சொல்லிக் கொண்டிருந்தது அதுவே.

அதற்காக வங்கி நினைத்த அளவுக்கு உண்டாக்கலாம் என்று இல்லை. விவசாயி அந்தப் பணத்தில் வேறு வங்கியில் கணக்கு வைத்திருக்கும் பசளைக் கடைக்காரருக்குக் கொடுத்தால், இவருடைய வங்கி நாலாம் படிப் பணத்தால் அதைத் தீர்க்க வேண்டும். அந்தப் பணம் கையில் குறைந்தால் மற்ற வங்கியிடமோ மத்திய வங்கியிடமோ வட்டிக்கு எடுக்க வேண்டும். சொந்த மூலதனம் இத்தனை வீதம் இருக்க வேண்டும் என்ற சட்டமும் உண்டு. வைப்பில் ஒரு பங்கை மத்திய வங்கியில் வைக்கும் கட்டாயமும் உண்டு, ஆனால் 2023 ஓகஸ்டிலிருந்து அது வெறும் 2 வீதம். எனவே உண்மையான கடிவாளம் வட்டியும், கடன் திரும்ப வருமா என்ற வங்கியின் கணிப்பும்.

இதில் வன்னிக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. 2009 க்குப் பிறகு ஏ-9 வீதி ஓரமாக வங்கிக் கிளைகளும் லீசிங் கம்பனிகளும் வரிசையாக வந்தன. மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, உழவு இயந்திரம் எல்லாம் லீசிங்கில். கடனில் பிறந்த ரூபா அது. ஆனால் மோட்டார் சைக்கிள் இந்தியாவிலிருந்து டொலருக்கு வந்தது. அரசு காசு அச்சடித்தால் டொலர் கரைகிறது என்று கொதிப்பவர்கள், தனியார் கடன் அதே வேலையைச் செய்தபோது அதை அபிவிருத்தி என்றார்கள். பெண்களைக் குழுவாக்கி வாராவாரம் தவணை வாங்கிய நுண்கடன் இன்னொரு ரகம். வருமானம் வரும் காலத்துக்கும் தவணை வரும் காலத்துக்கும் சம்பந்தமே இல்லாத கடன் அது. 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபா வரையான பெண்களின் நுண்கடனை அரசு தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது முற்றியது.

அரசு செலவழிக்கும்போது

கிளிநொச்சியில் ஓர் ஆசிரியைக்குச் சம்பளம் வரும் நாளில் கணக்குகளில் நடப்பது இது.

1. அரசின் பணப்பெட்டியான திறைசேரிக்கு மத்திய வங்கியில் ஒரு கணக்கு உண்டு. அதில் கழிகிறது.

2. ஆசிரியையின் வங்கி மத்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்கில் ஏறுகிறது.

3. வங்கி ஆசிரியையின் கணக்கில் ஏற்றுகிறது.

வரி கட்டும்போது இதே படம் பின்னோக்கி ஓடும். திறைசேரிக் கணக்கில் போதாவிட்டால் திறைசேரி உண்டியலும் முறியும் விற்று நிரப்புவார்கள். (உண்டியல் என்றதும் வெளிநாட்டுக் காசு வரும் அந்த உண்டியல் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. ஒரு வருடத்துக்குள் தீர்க்கும் அரச கடன் பத்திரத்துக்கும் இங்கே அதே பெயர்தான். முறி என்பது அதைவிட நீண்ட காலப் பத்திரம்.) அதை வங்கிகள் வாங்கினால் இருக்கும் பணம் கைமாறுகிறது. மத்திய வங்கியே வாங்கினால் புதுப் பணம் பிறக்கிறது. "காசு அச்சடித்தல்" என்று செய்தியில் வருவதில் பெரும் பகுதி இந்தக் கணக்கு எழுத்துத்தான். அச்சு இயந்திரம் ஓட வேண்டியதில்லை.

இங்கிருந்து நவீன நாணயக் கோட்பாடு மேலே போகிறது. சொந்த நாணயம் உள்ள அரசுக்கு அந்த நாணயம் ஒருபோதும் முடிந்துபோகாது. வரி, செலவுக்குக் காசு சேர்ப்பதற்கு அல்ல. சனத்தின் கையிலிருந்து வாங்கும் சக்தியைக் குறைத்து, அரசு வாங்க நினைக்கும் பொருளுக்கும் உழைப்புக்கும் இடம் விடுவதற்கு. வரவுசெலவு சமமா என்று பார்ப்பதில் பயனில்லை, செலவின் விளைவைப் பார், வேலையில்லாமை குறைகிறதா, விலை ஏறுகிறதா என்று பார் என 1943 இலேயே அப்பா லேர்னர் எழுதினார். கொட்லி இதற்கு ஒரு கணக்கையும் சேர்த்தார்: அரசு 100 செலவழித்து 80 வரி எடுத்தால் மீதி 20 எங்கோ இருக்க வேண்டும். ஒன்று சனத்தின் கையில், இல்லாவிட்டால் நாட்டுக்கு வெளியே.

வன்னியிலிருந்து பார்த்தால் அந்த 20 ஊரில் தங்குவதே இல்லை. சம்பளமும், ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் அஸ்வெசும கொடுப்பனவும் காலையில் வருகிறது, சாமான் வாங்கிய காசாக மாலையில் ஏ-9 வழியே தெற்கே போகிறது. இங்கே விளையும் நெல்லில் பெரும் பங்கு நெல்லாகவே லொறி ஏறி வெளிமாவட்ட ஆலைகளுக்குப் போய், அரிசியாகத் திரும்பி வருகிறது. குத்துக்கூலியும் தவிடும் லாபமும் அங்கே.

2020 முதல் 2022 வரை: கோட்பாடு தோற்றதா?

"அந்தக் கோட்பாட்டைச் செய்து பார்த்துத்தானே நாடு கவிழ்ந்தது?" இது நியாயமான கேள்வி. அப்போதைய மத்திய வங்கி ஆளுநர் டபிள்யூ.டி. லக்ஷ்மன், உள்நாட்டு நாணயக் கடன் பற்றிப் பேசும்போது இந்தக் கோட்பாட்டைச் சுட்டிக்காட்டியது உண்மை. நடந்தவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

1. 2019 டிசம்பரில், பொருளின் விலையோடு சேரும் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறங்கியது. அடுத்த மாதம் சம்பளத்தோடு கழியும் வரியும் போனது. வரிதான் கடிவாளம் என்று சொல்லும் கோட்பாட்டின்படி, இது கடிவாளத்தை அறுத்துவிட்டுக் குதிரையைத் தட்டியது.

2. கொவிட் வந்தது, உல்லாசப் பயணிகள் நின்றார்கள், டொலர் வரவு சுருங்கியது.

3. மத்திய வங்கியின் கையிலிருந்த திறைசேரிப் பத்திரங்கள் 2019 இறுதியில் 100 பில்லியன் ரூபாவுக்குக் கீழே. 2021 இறுதியில் ஒரு ட்ரில்லியனுக்கு மேலே.

4. இவ்வளவும் நடக்கும்போது டொலரை 200 ரூபாவைச் சுற்றிப் பிடித்து வைத்தார்கள். பணம் அனுப்பும் உண்டியலில் கூடுதலாகக் கிடைத்ததால் வெளிநாட்டில் உள்ளவர்கள் வங்கியை விட்டார்கள். வங்கி வழியாக வந்த தொழிலாளர் பணம் 2020 இல் 7.1 பில்லியன் டொலர், 2021 இல் 5.5, 2022 இல் 3.8.

5. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் நீக்கினார்கள். அதற்குள் காலபோகம் விதைத்தாயிற்று.

6. 2007 இல் 500 மில்லியன் டொலரில் தொடங்கிய சர்வதேச இறைமை முறிகள், அதாவது அரசு வெளிநாட்டுச் சந்தையில் டொலரில் விற்ற கடன் பத்திரங்கள், 12 பில்லியன் டொலரைத் தாண்டியிருந்தன. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தினார்கள்.

ரூபா பிறந்தது, வருமானமாக மாறியது, இறக்குமதிப் பொருளைத் தேடியது, 200 ரூபாவுக்கு டொலரை இழுத்தது, மத்திய வங்கியின் டொலர் ஒதுக்கு காலியானது. அந்தப் பிடியைக் கைவிட்டதும் ரூபா சரிந்தது. 2020 முழுக்க பணவீக்கம் ஒற்றை இலக்கத்தில்தான் இருந்தது. 2021 இறுதியில் இரட்டை இலக்கத்துக்கு ஏறியது. 2022 மார்ச்சில் ரூபா சரிந்த பிறகே பெரிதாகப் பாய்ந்து, செப்டெம்பரில் கொழும்புக் கணக்கில் 69.8 வீதத்தைத் தொட்டது. முல்லைத்தீவுக் கடற்கரையில் அதன் முகம் மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா. பல படகுகள் கரையிலேயே கிடந்தன. மீனவர் கையில் யாரும் அச்சடித்த காசைக் கொடுத்திருக்கவில்லை.

கோட்பாட்டுக்காரர்கள் சொல்வார்கள்: டொலரைக் கட்டிவைத்து, டொலரில் கடன் வாங்கி, வரியை வெட்டிய அரசு நாங்கள் சொன்ன எதையும் செய்யவில்லை. எதிர்த் தரப்பு கேட்கும்: எரிபொருளையும் மருந்தையும் இறக்குமதி செய்யும் ஏழை நாடுகள் எல்லாமே இந்த நிலையில்தான் இருக்கின்றன, பிறகு உங்கள் கோட்பாடு யாருக்கு? இரண்டாவது கேள்விதான் கனமானது என்பது என் எண்ணம். காசு உண்டாக்கும் சாவி கையில் கிடைத்தால் விலை ஏறும்போது நிறுத்திக்கொள்ளும் அரசு எது என்றும் அவர்கள் கேட்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து திருப்தியான பதிலை நான் இன்னும் காணவில்லை.

ஆனால் மருந்தின் செலவும் யாரோ தலையில்தான் விழுந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, வங்கிகளோடு கொடுத்து வாங்கும்போது வைக்கும் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. திறைசேரி உண்டியல் வட்டி அந்த ஆண்டு 30 வீதத்தையும் தாண்டியது. பணம் வைத்திருந்தவர் உண்டியல் வாங்கி அந்த வட்டியை எடுத்தார். அதைக் கட்ட வேண்டியவர் வற் கட்டிய எல்லோரும், அஸ்வெசும எடுக்கும் குடும்பம் உட்பட. 2024 ஜனவரியில் வற் 18 வீதம் ஆனது. வட்டி உயர்வும் ஒரு அரச செலவுதான், பணக்காரருக்குப் போகும் செலவு என்று மாற்றுப் பொருளாதாரவாதிகள் சொல்வதை இந்த இடத்தில் மறுப்பது கடினம்.

ரூபாவுக்குள் இருக்கும் டொலர்

டியூனிசியாவைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் பாதல் கபூப் இந்தக் கோட்பாட்டை ஏழை நாடுகளின் பக்கம் திருப்பினார். இந்த நாடுகளைக் கட்டிப்போட்டிருப்பது மூன்று பற்றாக்குறைகள் என்கிறார்: உணவு, எரிசக்தி, பெறுமதி குறைந்த ஏற்றுமதி. இந்த மூன்றும் குறையும் அளவுக்குத்தான் ரூபாவுக்குச் சுதந்திரம். அப்படியானால் ஒரு வேலைத்திட்டத்தைப் பார்த்து "இதற்குக் காசு இருக்கிறதா" என்று கேட்பதைவிட "இதற்குள் எவ்வளவு டொலர் இருக்கிறது" என்று கேட்பது பயனுள்ளது. எனக்கு இந்தக் கோட்பாட்டில் வன்னிக்கு உதவும் பகுதி இதுதான்.

ஒரு சின்னக் குளத்தைத் திருத்தும் மதிப்பீட்டை எடுங்கள். குளக்கட்டுக்குக் கிறவல் மண், அலை மோதும் பக்கத்துக்குக் கல் அடுக்கு, வாய்க்கால் துப்புரவு, துருசுக்கு இரும்புக் கதவு, சீமெந்து, பெக்கோவுக்கும் ரிப்பருக்கும் வாடகை. மண்ணும் கல்லும் இங்கே இருக்கின்றன. கையும் இருக்கிறது. டொலர் ஒளிந்திருப்பது டீசலிலும் இரும்பிலும் சீமெந்தின் ஒரு பகுதியிலும். காபெட் வீதிக்கு வந்தால் தாரே இறக்குமதி, அதைக் கொதிக்க வைப்பதும் இறக்குமதி எரிபொருள். ஒரே தொகையை இரண்டுக்கும் ஒதுக்கினாலும் நாட்டின் டொலர் பையில் விழும் ஓட்டை ஒரே அளவு இல்லை. வட்டுவாகல் பாலம் இரண்டுக்கும் நடுவில்: இரும்பும் சீமெந்தும் அதிகம், ஆனால் ஒருமுறை கட்டினால் நந்திக்கடலைத் தாண்டிப் பல தசாப்தம் மீனும் நெல்லும் போகும்.

இன்னொரு முரணும் இதில் தெரிகிறது. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் புனரமைப்புக்குச் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்திடம் வெளிநாட்டு நாணயக் கடன் வாங்கப்பட்டது. பெரும்பாலும் மண்ணும் உழைப்புமான வேலைக்கு எதற்கு வெளிநாட்டு நாணயம்? அந்தக் கடனால் வந்த டொலர் மத்திய வங்கியின் ஒதுக்கில் சேர்ந்து, வேறு எதையோ இறக்குமதி செய்ய உதவியது. வேலைக்குக் கொடுத்தது ரூபாவைத்தான். குளத்தின் பெயரில் எடுத்த டொலர் எரிபொருளாகவும் வாகனமாகவும் செலவாகியிருக்கலாம். கடன் மட்டும் குளத்தின் பெயரில் நிற்கிறது.

எதிர்ப்பக்கத்தில் ஆனையிறவு. 2025 மார்ச்சில் அங்கே மேசை உப்பு ஆலை திறந்தார்கள். அதே ஆண்டில் சுற்றிவரக் கடலுள்ள நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது. ரூபாவைப் போட்டு டொலர்த் தேவையைக் குறைக்கக்கூடிய இடம் இப்படித்தான் இருக்கும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒரு காலத்தில் குளோரினும் கோஸ்டிக் சோடாவும் செய்தது. அதன் இடிபாட்டைப் பார்த்தபடிதான் பஸ் போகிறது.

புதிய சட்டத்துக்குப் பிறகு

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் 3 பில்லியன் டொலர் திட்டம். அந்த ஆண்டு செப்டெம்பர் 15 முதல் 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம். ஒரு சில குறுகிய விதிவிலக்குகள் தவிர, மத்திய வங்கி அரசுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கவோ திறைசேரிப் பத்திரத்தை முதற் சந்தையில், அதாவது அரசு அதை முதலில் விற்கும் இடத்தில், வாங்கவோ முடியாது. பணவீக்க இலக்கு 5 வீதம்.

இப்போது தொடக்கத்துச் செய்திக்கு வரலாம். 2024 ஒக்டோபரில் மத்திய வங்கி பணம் விட்டது வங்கிகளுக்கு, குறுங்காலக் கடனாக, பத்திரங்களை ஈடு வாங்கிக்கொண்டு. சட்டம் அதைத் தடுக்கவில்லை. புதுப் பணம் பிறந்ததா? பிறந்தது. அரசுக்குக் கொடுத்ததா? நேரடியாக இல்லை. ஆனால் அந்த வங்கிகள்தான் திறைசேரி உண்டியல் வாங்குபவை. மத்திய வங்கி சொன்னதும் குற்றம் சாட்டியவர்கள் சொன்னதும் இரண்டுமே ஓரளவு சரி என்று வருவது அதனால்தான்.

வன்னிக்கு இதன் பொருள் வேறு. தன் நாணயத்தைத் தானே வெளியிடும் அரசு, சட்டப்படி அதைப் பாவிப்பவராக மாறியிருக்கிறது. முதலில் சேர்க்க வேண்டும், அல்லது சந்தை கேட்கும் வட்டிக்கு வாங்க வேண்டும், பிறகுதான் செலவழிக்க வேண்டும். வன்னியில் முன்பு ஒரு நிர்வாகம் அப்படித்தான் நடந்தது, அதற்கு வேறு வழி இருக்கவில்லை. இது தானாகக் கட்டிக்கொண்ட கட்டு. 2022 ஐப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டு ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் கட்டு டீசலையும் மண்ணையும் ஒரே மாதிரித்தான் கட்டுகிறது. டொலர் குடிக்கும் செலவும் டொலர் தொடாத செலவும் அதன் கண்ணுக்கு ஒன்று.

வேலை உத்தரவாதம் பற்றிக் கொஞ்சம்

இந்தக் கோட்பாட்டின் பெயர்போன பரிந்துரை, வேலை கேட்பவர் எல்லோருக்கும் ஒரு நிலையான கூலியில் அரசு வேலை கொடுப்பது. இந்தியாவின் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த நூறு நாள் வேலை அதற்குக் கிட்டிய உறவுமுறை. மீள்குடியேற்றக் காலத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்திய "வேலைக்குப் பணம்" திட்டத்தை வன்னி மறந்திருக்காது. கிணறு இறைத்தது, பற்றை வெட்டியது, வாய்க்கால் துப்புரவாக்கியது.

இங்கே அது பொருந்துமா என்பது பருவத்தைப் பொறுத்தது. மாசி, பங்குனி அறுவடையில் ஆள் கிடைப்பதே பாடு. அந்த நேரம் அரசு கூடுதல் கூலி கொடுத்தால் வயல்காரர் திட்டுவார், அதில் நியாயமும் உண்டு. சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத மானாவாரி ஊர்களில் ஆனி முதல் ஆவணி வரை கைகள் சும்மா இருக்கும். குளங்களும் அப்போதுதான் வற்றிக் கிடக்கும். குளக்கட்டை வெட்டி மண் போடுவதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. ஒதுக்கீடு அறிவித்து, கச்சேரிக்கு வந்து, கேள்விப்பத்திரம் போட்டு, ஒப்பந்தம் கொடுத்து, காசு இறங்குவது பிந்தினால் பெக்கோ குளக்கட்டில் ஏறும்போது ஒக்டோபர் ஆகிவிடும். ஐப்பசி மழையில் கிறவல் நிற்காது.